கண்ணி அளவு

வரைவு எழுபத்திரண்டு பக்கம்.
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்,
வியாழனுக்குள் தமிழில் வேண்டும் என்றார்கள்,
வெள்ளியன்று குளச்சலில் கருத்துக்கேட்பு.

இயந்திரத்திடம் கொடுத்தால்
அரை நிமிடத்தில் முடியும்.
கொடுத்தும் பார்த்தேன்.
இடர் மதிப்பீடு, வெளிப்படைத்தன்மை எல்லாம்
நாகர்கோவில் அலுவலகத் தமிழிலேயே வந்தன.
ஒரே ஒரு வரி மட்டும் இப்படி:
‘முடிவெடுக்கும் வளையத்துக்குள்
ஒரு மனிதர் கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டும்.’

சிரித்துவிட்டு அழித்தேன்.
இருக்க வேண்டும் என்று திருத்தினேன்.

ஏலக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
ஈரத் தரை, கணவாய் வாடை.
உதவி இயக்குநர் மைக்கைத் தட்டினார்.
இனி வள்ளம் போகலாமா கூடாதா என்று மென்பொருள் சொல்லும்.
பச்சை என்றால் டோக்கன்.
சிவப்பு என்றால் டீசல் இல்லை.
இந்த விதிகள் உங்களுக்கானவை அல்ல,
அந்த மென்பொருளைக் கட்டுப்படுத்த.

விசைப்படகு ஓட்டும் ததேயூஸ் எழுந்தார்.
“எனக்க வலைக் கண்ணிய ஸ்கேல் வச்சு அளந்திய.
ரெண்டு மில்லி கொறவுண்ணு
வலையத் தூக்கிட்டுப் போனிய.
செரி, சட்டம்.
இதுக்க கண்ணிய எத வச்சு அளப்பிய?”

சொல்லிக்கொண்டே மேசைக்குப் போய்
அங்கிருந்த ஸ்கேலை எடுத்து
மடிக்கணினித் திரையின் மேல் வைத்தார்.
கூடம் சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை.
எண்ணைப் பார்த்துச் சொன்னார், “முப்பத்தி ரெண்டு.”

பதினோராம் பத்தியில் தணிக்கை உண்டு, என்றார் அதிகாரி,
ஆண்டுக்கு ஒருமுறை.
“கடலு மணிக்கு ஒருக்க மாறுமே சாரே.”

பின்வரிசையில் விபின்தாஸ்,
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு.
மாதம் பன்னிரண்டாயிரம், தற்காலிகம்.
திரையில் நிறம் விழுந்ததும்
தொண்ணூறு நொடிக்குள்
‘உறுதி செய்கிறேன்’ என்று அழுத்த வேண்டியவன்.
வரைவு சொல்லும் மனிதர் அவன்தான்.
நான் அழித்த சொல் ஞாபகம் வந்தது.

பிறகு சகாய பெல்சி.
மைக் வேண்டாம் என்றாள்.
“முப்பது வருசக் கணக்கப் படிச்சுதுண்ணு சொல்லுதிய.
கரைக்கு வந்த வள்ளத்துக்க கணக்குதான உங்க கையில இருக்கும்?
வராததுக்க கணக்க யாரு எழுதினா?
அண்ணைக்கு நீவாடு எங்கோட்டு இழுத்துதுண்ணு
ஆரு வந்து சொன்னா, இதுக்குப் படிச்சுக் குடுக்க?”

எந்த வருடம் என்று அவள் சொல்லவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.
வெளியே ஐஸ் உடைக்கும் சத்தம்.

அதிகாரி என் பக்கம் குனிந்தார்:
குறிப்பேட்டில் நல்லபடியா எழுதுங்க.
எழுதினேன்.
‘பயிற்சித் தரவின் பிரதிநிதித்துவம் குறித்துப்
பங்குதாரர் ஒருவர் ஐயம் தெரிவித்தார்.’
ஒரு பிழை இல்லை அதில்.
பெல்சியும் இல்லை.

தக்கலை பேருந்தில்
அந்த வரியை அடித்துவிட்டு
அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்,
நீவாடு உட்பட.
சென்னையில் யாராவது அதற்கு அர்த்தம் கேட்கட்டும்.
கேட்க ஒரு ஆளாவது வேண்டுமே.

அடுத்த வாரம் கூலி வந்தது,
எழுபத்தொரு பக்கத்துக்கு.
கடைசிப் பக்கத்தில் சொற்கள் போதாதாம்.
சரிதான்.
அதில் இருந்தது இவ்வளவே:

பொறுப்பு அலுவலர் பெயர், கையொப்பம்
அதற்கப்புறம் வெறும் புள்ளிகள்.
மூலத்தில் எத்தனையோ
அத்தனையே தமிழிலும் வைத்திருந்தேன்.